நடுநிலையாரின் இரண்டு வார்த்தை

மைக்கைக் கையில் வாங்கியதும் மனிதர்கள் முதலில் செய்வது அதைத் தட்டிப் பார்ப்பது. காலையிலிருந்து உயிரைக் கொடுத்து நான் சரிபார்த்து வைத்த மைக்கை, நேற்று மேடை ஏறியவன்கூட இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அடுத்து, "எல்லாருக்கும் கேக்குதா?" என்பான். கேட்கவில்லை என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. கேட்காதவனுக்கு அந்தக் கேள்வியும்தானே கேட்காது. மூன்றாவதாக, "ரெண்டே வார்த்தை பேசி முடிச்சுக்கறேன்" என்பான். அதைக் கேட்டதும் நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். அரை மணி நேரத்துக்கு எனக்கு வேலையில்லை.

நான் மைக் செட் வைத்திருப்பவள். நாடாளுமன்றத்துக்கு முன்னால் நடக்கும் போராட்டங்களில் முக்கால்வாசிக்கு எங்கள் செட்தான். எங்கள் திறமையைப் பார்த்து வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கடை பின்தெருவில் இருக்கிறது, அவ்வளவுதான். போன மாதம் 'ஒழிக' என்று கத்திய அதே ஆள் இந்த மாதம் அதே கட்டடத்தைப் பார்த்து 'வாழ்க' என்று கத்துவான். அவனுக்கும் வெட்கமில்லை, என் குழாய்களுக்கும் வெட்கமில்லை. குழாய் என்று நாங்கள் சொல்வது கம்பத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை.

செட்டை உருவாக்கியவர் என் வீட்டுக்காரர். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கையை விரித்துவிட்ட பிறகு நான் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தேன். கம்பம் ஏறுவதும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வதும் என் கொழுந்தன். நல்லவன், ஆனால் வேலை என்றால் அவனுக்கு உடனே முதுகு வலிக்கும்.

பொறுப்பை ஒப்படைத்த அன்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு சட்டம் சொன்னார். "பேசறவன் கையில மைக் இருக்கறப்ப சுவிட்சுல கை வைக்கக் கூடாது. அவன் என்ன வேணா ஒளறட்டும். நாம அணைச்சோம்னா நாமளும் ஒரு கட்சி ஆயிடுவோம்."

இத்தனை காலமும் அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. ஒரு தலைவர் உண்ணாவிரத மேடையில் மைக்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். அவருடைய குறட்டை தெருக்கோடி வரை போனது. நான் அணைக்கவில்லை. நடுவில் கூட்டம் இரண்டு முறை கைதட்டியது.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடுகிறவர்களை மக்கள் வெள்ளம் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். வெள்ளத்தை நான் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எந்தப் போராட்டம் என்று கேட்காமலே வந்து நிழலைப் பிடித்துக்கொள்ளும் ஓய்வுபெற்றவர்கள் ஒரு பக்கம். பதாகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மேலதிகாரி டிவியில் பார்த்துவிடுவாரோ என்று முகத்தை மறைத்துக்கொண்டு புரட்சி செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் போலீஸ்காரர்கள் இவர்களைவிட யோக்கியர்கள்; நிற்பது சம்பளத்துக்காக என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இவர்களை எல்லாம் பார்த்து நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்திருக்கலாம். அன்றைக்கு மட்டும் முடியவில்லை. அன்றைக்குப் போராட்டம் எனக்காக நடந்தது.

வாரம் இரண்டு முறை அரசு மருத்துவமனையில் என் வீட்டுக்காரரை ஓர் இயந்திரத்தோடு இணைத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இலவசம். அந்த ஒரு சொல்லின் மேல்தான் எங்கள் குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனைகளை எல்லாம் ஒரு கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுப்பது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் இயந்திரம் இருக்கும், கட்டில் இருக்கும், நர்ஸ் இருப்பாள், இலவசம் இருக்காது. செட்டையும் வேனையும் கடையையும் விற்றாலும் எங்களால் அடுத்த மழைக்காலம் வரைகூடத் தாங்க முடியாது. வார்டு டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "வேற ஏற்பாடு பாத்து வச்சுக்குங்க" என்றார். வேறு ஏற்பாடு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஓட்டெடுப்பு அன்று அவருக்கு மதிய ஷிஃப்ட். காலையிலேயே சாமான்களோடு அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் வழியில் மருத்துவமனையில் இறக்கிவிட்டோம்.

"இன்னிக்கு நல்லா கேக்கணும்" என்றார் இறங்கும்போது.

"உள்ள இருக்கவங்களுக்கா?"

"அவங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. ஜன்னல்ல ரெட்டைக் கண்ணாடி. ஒரு தடவை உள்ள போயி ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ணப்ப பாத்தேன். டிவியில நல்லா கேக்கணும். வார்டுல டிவி இருக்கு."

"அண்ணா, நீ ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இரு. நாங்க நாட்டைச் சுத்தம் பண்ணிட்டு வரோம்" என்றான் கொழுந்தன்.

"நீ மொதல்ல வேனைச் சுத்தம் பண்ணுடா."

மூன்று பேரும் சிரித்தோம். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது.

போராட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் தீர்மானம். எதை எடுத்தாலும் அவர் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவார். நிறைவேற்றிவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று நம்புவார். நான் வேனை நிறுத்துவதற்குள் ஓடிவந்தார்.

"குழாய் எல்லாத்தையும் கட்டடத்தைப் பாத்துத் திருப்பணும்மா."

"கூட்டத்தைப் பாத்துதான்யா கட்டணும். அங்க கண்ணாடி மூடியிருக்கு. உள்ள ஒண்ணும் போகாது."

"போகணும்னு இல்லம்மா. அது ஒரு குறியீடு."

கொழுந்தன் என்னைப் பார்த்தான். கட்டச் சொன்னேன். வாடகைக்கு வந்த இடத்தில் குறியீட்டோடு யார் மல்லுக்கட்டுவது? கட்டடத்தின் வாயில் தூணுக்கு நேர் எதிரே நாலு குழாயும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

அந்தத் தூணில் ஒரு மணி இருக்கிறது. உள்ளே ஓட்டெடுப்பு என்றால் அந்த மணி அடிக்கும். தோட்டத்திலும் கேன்டீனிலும் கழிவறையிலும் சிதறிக் கிடக்கும் உறுப்பினர்கள் ஓடிவந்து இடத்தில் உட்கார வேண்டும். மணி நின்றதும் அவையின் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் வெளியேதான். அந்தத் தெருவில் டீ விற்கிறவருக்கும் செருப்புத் தைக்கிறவருக்கும் அந்த மணி தெரியும். அது அடித்ததும் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை வேடிக்கை பார்ப்பது எங்கள் தெருவின் பொழுதுபோக்கு.

அன்றைய கணக்கு சின்னக் குழந்தைக்கும் தெரிந்ததுதான். ஆளும் தரப்புக்கு ஒரே ஓட்டு அதிகம். எந்தத் தரப்பிலும் இல்லாத ஓர் உறுப்பினர் எதிர்த்துப் போட்டால் இரண்டும் சமம். சமம் வந்தால் மசோதா விழுந்துவிடும், அதுதான் விதி. அந்த ஒருவரை எல்லோரும் நடுநிலையார் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கட்சியிலும் சேராதவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். எல்லாக் கட்சியிலும் சேர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என்பதுதான் உண்மை. மனசாட்சிப்படி எதிர்த்து ஓட்டுப் போடப்போவதாகப் போன வாரமே டிவியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான், வாழ்க்கையில் முதல்முறையாக, ஓர் அரசியல்வாதிக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

காலை முழுக்க ஆளாளுக்கு வந்து இரண்டு வார்த்தை பேசினார்கள். வழக்கறிஞர் ஒருவர் எந்தப் பிரிவின் கீழ் நாங்கள் சாகக் கூடாது என்று விளக்கினார். ஒரு கவிஞர் மருத்துவமனையைத் தாய் என்றார், அடுத்து வந்த கவிஞர் அது தாய் இல்லை தாய்ப்பால் என்றார், இரண்டு பேருக்கும் மேடைக்குப் பின்னால் வாய்த்தகராறு. நோயாளிகளின் வீட்டு ஆட்கள் யாராவது பேசலாமே என்று நான் தீர்மானத்திடம் கேட்டேன். "கடைசியில நேரம் இருந்தா பாக்கலாம்மா" என்றார்.

அப்படி நோயாளிகளின் வீட்டிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி தையற்காரம்மா. அவளுடைய மகள் என் வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டில். பள்ளிக்கூடம் போகிற வயது. மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காமல் என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் நிழலில் வந்து உட்கார்ந்தாள். கோஷம் போடத் தெரியவில்லை. மற்றவர்கள் கையைத் தூக்கினால் அவளும் பாதி தூக்குவாள், பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று இறக்கிக்கொள்வாள்.

"அந்த நடுநிலை சார் நல்லவருதானே அக்கா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் நல்லவரா இருந்தா போதும்" என்றேன்.

மதியம் சாய்ந்த நேரத்தில் தடுப்புக்குப் பக்கத்தில் கூச்சல். நடுநிலையார் வெளியே வந்துகொண்டிருந்தார். உள்ளே விவாதம் ஓடுகிறது, அவருக்குப் பேசும் வாய்ப்பு முடிந்துவிட்டது, கேமராக்கள் எல்லாம் வெளியே நிற்கின்றன. வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே பூச்சி வரத்தானே செய்யும். மக்களைச் சந்தித்துவிட்டுப் போகிறேன் என்றாராம். கூட்டம் அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே வந்து மேடையில் வைத்தது. பின்னாலேயே, கைக்கு ஒரு போனாக வைத்துக்கொண்டு ஒல்லியான உதவியாளர்.

நடுநிலையார் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாருக்கும் கேக்குதா என்றார். ரெண்டே வார்த்தை என்றார். எனக்கு அன்று சாய்ந்து உட்காரத் தோன்றவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசினார். தன் தாயை அந்த மருத்துவமனையில்தான் பிழைக்க வைத்தார்கள் என்றார். பல்வலிக்கே விமானம் ஏறி வெளிநாடு போய் வந்த மனிதர் அவர், ஆனாலும் எனக்குக் கண் கலங்கியது. தையற்காரம்மா அழுதே விட்டாள். கூட்டம் தட்டத் தட்ட அவருக்குக் குரல் ஏறியது. குரல் ஏற ஏற என் மீட்டரில் முள் சிவப்புக்குப் போய் நின்றுகொண்டது.

அப்போதுதான் தையற்காரம்மா என் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, மணி அடிக்குதோ?"

தூணைப் பார்த்தேன். மணியின் நாக்கு ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. வந்திருக்கும், நாலு குழாயும் அதன் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததால் யார் காதுக்கும் அது வந்து சேரவில்லை. எப்போது அடிக்க ஆரம்பித்ததோ தெரியாது. கேன்டீன் பக்கமிருந்து இரண்டு உறுப்பினர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

உதவியாளரும் பார்த்துவிட்டார். மேடையில் ஏறி கோட்டைப் பிடித்து இழுத்தார். நடுநிலையார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். உதவியாளர் கீழே இறங்கினார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நேரம் இருக்காம். கடைசிப் பாயிண்டுக்கு வந்துட்டாராம்."

"எத்தனாவது கடைசி?"

"மூணாவது" என்றார் உதவியாளர். பாவம், பொய் சொல்லத் தெரியாத ஆள்.

நான் தீர்மானத்திடம் ஓடினேன். அவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மணி அடிக்குது. அவரை உள்ள அனுப்புங்க."

"நல்ல கட்டத்துல இருக்காரும்மா. இப்ப நிறுத்தினா கூட்டம் கலைஞ்சிடும்."

"கலைஞ்சா கலையட்டும். ஓட்டு?"

"உண்மையான ஓட்டு இங்கதாம்மா விழுது. மக்கள் மன்றத்துல."

அந்த ஆளைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கியிருப்பேன். நேரமில்லை. திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயர் முன்னால் நின்றேன். கை சுவிட்சுக்குப் போய்விட்டது. கொழுந்தன் பார்த்துவிட்டான்.

"அண்ணி, வேணாம். அண்ணன் கொன்னுடுவாரு."

"உங்க அண்ணன் உயிரோட இருந்தாத்தானே கொல்லுவாரு."

அணைத்தேன்.

தெரு முழுக்க ஒரே நொடியில் அடங்கிப்போனது. அந்த அமைதியில் மணி தெளிவாகக் கேட்டது. இரண்டு மூச்சு விடும் நேரம், அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். அதற்குள் ஒருத்தன் ஆரம்பித்தான். "மைக்கை வெட்டிட்டாங்கடா." அவ்வளவுதான். அரசாங்கம் கரண்டை நிறுத்திவிட்டது, குரல்வளையை நெரித்துவிட்டது, தைரியமிருந்தால் மின்சாரம் கொடு என்று ஊரே சேர்ந்து கத்தியது. என் குழாய்கள் போட்ட சத்தத்தைவிட இது பெரிய சத்தம். காலையிலிருந்து நிழலில் தூங்கியவர்கள்கூட எழுந்து நின்று கத்தினார்கள். அவர்களுடைய தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. இதற்கு என் செட்டு எதற்கு என்று இப்போதும் யோசிக்கிறேன்.

நடுநிலையார் மேடையில் செத்த மைக்கோடு நின்றார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவருக்கு மணி கேட்டது. திரும்பித் தூணைப் பார்த்தார், ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார். அதற்குள் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. கேமராக்கள் எல்லாம் முன்னால் நெருங்கின. எடுத்து வைத்த காலை அந்த மனிதர் திரும்ப எடுத்துக்கொண்டார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மேடையின் நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மைக் வரும்வரை இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று கையை உயர்த்தினார்.

நான் மேடையில் ஏறினேன். அதுவரை வயர் இழுக்கத் தவிர நான் மேடை ஏறியதில்லை.

"ஐயா, கரண்டெல்லாம் போகல. நான்தான் அணைச்சேன். மணி அடிக்குது, எழுந்து உள்ள போங்க. உங்க ஓட்டு வேணும்யா. என் வீட்டுக்காரரு அந்த ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்காரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொண்டார். புரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்தக் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவள் நான். பிறகு கேமராக்களின் பக்கம் திரும்பி, சோகமாகத் தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா? இந்த ஏழைப் பொம்பளையை மிரட்டி, நான்தான் அணைச்சேன்னு சொல்ல வச்சிருக்காங்க."

கூட்டம் எனக்காகவும் கத்த ஆரம்பித்தது. ஒரு பெண் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க அக்கா, நாங்க இருக்கோம்" என்று சொல்லி, என் தோளில் சாய்ந்தபடியே ஒரு படமும் எடுத்துக்கொண்டாள். அவளைத் தள்ளிவிட்டு நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். வாலண்டியர்கள் என் கையை விலக்கிவிட்டார்கள். மரியாதையாகத்தான் விலக்கினார்கள். அங்கே மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. உதவியாளர் மேடைக்குக் கீழே நின்று இரண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில இளைஞர்கள் நடுநிலையாரை உட்கார்ந்த வாக்கிலேயே தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஒரு கணம், அப்படியே அவரை உள்ளே கொண்டுபோய் விடப்போகிறார்களோ என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். அவரை மேடையைச் சுற்றி ஒரு வட்டம் தூக்கி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்கள்.

தூணைப் பார்த்தேன். மணியின் நாக்கு ஆடவில்லை.

தையற்காரம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அத்தனை பேர் அலறிய அந்தத் தெருவில் நடந்தது என்ன என்று புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குப் பட்டது.

கொஞ்ச நேரத்தில் செய்தி வெளியே வந்தது. மசோதா ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிவிட்டது. கூட்டம் ஜனநாயகப் படுகொலை என்றது. தீர்மானம் கண்டனத் தீர்மானம் ஒன்றை எழுத ஆரம்பித்தார். நடுநிலையார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார்.

"அம்மா, இப்பவாவது மைக்கைக் குடுங்க. மக்கள்கிட்ட நான் பேசியாகணும்."

கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தான். நான் சுவிட்சைப் போட்டேன். மைக்கை அவரிடம் கொடுக்காமல் என் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டேன். தட்டிப் பார்க்கவில்லை, கேட்குதா என்று கேட்கவும் இல்லை.

"மைக்கை அணைச்சது நான். ஓட்டுப் போடற மணி அடிச்சுது. இவருக்கும் தெரியும். இவரு போகல. இவரு போயிருந்தா மசோதா தோத்திருக்கும். நீங்க எல்லாரும் சேந்துதான் இவரைப் போக விடல."

என் குரல் நாலு குழாய் வழியாகவும் போய், அந்தப் பெரிய கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. நல்ல துல்லியம். ஒரு சொல் தவறாமல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

கூட்டம் கைதட்டியது.

குறட்டைக்குத் தட்டிய அதே கை. குழாயிலிருந்து எது வந்தாலும் தட்டும் கை. முன்வரிசையில் ஒருவர், "அம்மா சூப்பரா பேசினாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நடுநிலையாரும் தட்டினார். பிறகு மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, இரண்டு தட்டுத் தட்டினார்.

"எல்லாருக்கும் கேக்குதா?"

செட்டைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு நான் நடந்தே மருத்துவமனைக்குப் போனேன். பஸ்ஸில் ஏறி மனித முகங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வழி முழுக்க அந்தக் கூட்டத்தைத் திட்டிக்கொண்டு போனேன், நடுநிலையாரைத் திட்டினேன், தீர்மானத்தைத் திட்டினேன். மருத்துவமனை வாசல் வந்தபோது திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய், நான் மட்டும்தான் மிச்சமிருந்தேன். சுவிட்சில் கை வைக்காமல் இருந்திருந்தால், மூன்றாவது கடைசிப் பாயிண்டோடு அந்த ஆள் முடித்துக்கொண்டு ஓடியிருப்பானோ? இந்தக் கேள்வியை நான் வேறு யாரிடமும் கேட்க முடியாது. என் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

வார்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடுநிலையார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கீழே அவர் பெயருக்கு முன்னால் 'குரல் நெரிக்கப்பட்ட' என்று போட்டிருந்தார்கள். இரண்டு வரிசைக் கட்டில்களிலும் குழாய் மாட்டிய கைகளோடு எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரம்மா மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இயந்திரங்கள் சீராக ஓடிக்கொண்டிருந்தன.

நான் நேராகப் போய் டிவியை அணைத்தேன். யாரும் கத்தவில்லை. யாரும் திரும்பப் போடச் சொல்லவும் இல்லை.

என் வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"அங்கயும் நீதானே அணைச்ச?"

"ஆமா."

"நெனச்சேன். ஜெனரேட்டர் நின்னா சத்தம் இழுத்துக்கிட்டுப் போய் நிக்கும். இது பட்டுன்னு நின்னுச்சு."

அடுத்து அந்தச் சட்டத்தைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னால் கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவர் அணைந்த டிவியைப் பார்த்தார். அவருடைய இரத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குழாயில் போய்க்கொண்டிருந்தது.

"அந்தாளு மைக்கை மொதல் தட்டு தட்டினப்பவே அணைச்சிருக்கணும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஊசி மாட்டாத கையை எடுத்து என் கையின் மேல் வைத்துக்கொண்டார். நர்ஸ் வந்து இயந்திரத்தை நிறுத்தி, அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று வழக்கம்போல் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஊசியைக் கழற்றினாள்.